இரண்டு பெயர் வாங்கிய கல்

சிறுகோள் வேறு, வால்வெள்ளி வேறு என்றுதான் நாம் படித்தோம். அப்படியேதான் பிள்ளைகளுக்கும் படிப்பிக்கிறோம். ஒன்று வறண்ட கல். மற்றது தூரத்துக் குளிரிலிருந்து வரும் பனிக்கட்டி. இந்தப் பிரிகோட்டைக் குழப்பியது ஏறத்தாழ 4 கிலோமீற்றர் விட்டமுள்ள ஒரு கரிய கல்.

சிறுகோள் பட்டையின் வெளிப்புறத்தில், காபன் செறிந்த தெமிஸ் குடும்பத்தோடு அது சுற்றுகிறது. 1979இல் அவுஸ்திரேலியாவில் எடுத்த ஒளிப்படத் தட்டுகளில் வெறும் புள்ளியாகத்தான் பதிவானது. 1996இல் சிலியின் லா சில்லாவில் எடுத்த படத்திலோ அதற்கு வால் இருந்தது! கண்டவர்கள் எரிக் எல்ஸ்ட், கைடோ பிசாரோ.

ஏதோ மோதிப் புழுதி கிளம்பியிருக்கும் என்றார்கள் சிலர். நியாயமான விளக்கம்தான். ஆனால் ஏறத்தாழ ஒரு சுற்று முடிந்து, 2002இல் வால் மீண்டும் தோன்றியது. மோதல் இப்படித் தவணை வைத்து வருமா? உள்ளே இருக்கும் பனிக்கட்டி சூரிய வெப்பத்தில் ஆவியாகிப் புழுதியைத் தள்ளுகிறது என்பதே பொருந்தியது.

2006இல் ஹென்றி ஷியே, டேவிட் ஜூவிட் இருவரும் இதையும் இதுபோன்ற வேறு இரண்டையும் சேர்த்து 'பிரதான பட்டை வால்வெள்ளிகள்' என்றனர். அம்மூன்றில் ஒன்றான 'ரீட்'டில் நீராவி இருப்பதை ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி காட்டிய செய்தி 2023இல் வெளியானது. பூமியின் நீரில் ஒரு பங்கு இப்பட்டையிலிருந்து வந்ததா என்ற கேள்விக்கும் இதனால் கனம் கூடியது.

அந்தக் கல் இன்று சிறுகோள் பட்டியலில் 7968. வால்வெள்ளிப் பட்டியலில் 133பி. நாளை ஒரு பிள்ளை அட்டவணையின் இரண்டு நிரலிலும் ஒரே பெயரை எழுதினால், சிவப்புப் பேனையை எடுக்குமுன் ஏன் என்று கேட்போம்.