கொல்லிமலைப் போர்களும் நிலத்தின் தடையும்

கொல்லிமலை, நாமக்கல் மாவட்டத்தில் அமைந்த கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதி. ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் வரை உயரமுடையது. சங்க காலத்தில் கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி இதனை ஆண்டான். காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் இன்றைய சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சாலையில்லாத காலத்தில் இம்மலைமீது படை நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

நிலமும் போர்முறையும்

போரை நிலத்தோடு இணைத்துப் பார்ப்பது தமிழ் மரபு. தொல்காப்பியம் ஆநிரை கவரும் வெட்சியைக் குறிஞ்சிக்கும், மதில் முற்றுகையான உழிஞையை மருதத்துக்கும் புறனாக வகுக்கிறது. மலைநிலத்துக்குரியது திடீர்த் தாக்குதல். வயல்சூழ்ந்த ஊருக்குரியது முற்றுகை.

ஓரியின் வீழ்ச்சி

ஓரி வில்லாற்றலால் புகழ்பெற்றவன். அவன் எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை ஊடுருவியதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். ஏறிவரும் பகைவரை மேட்டிலிருந்து எதிர்ப்பவனுக்கு வில் பொருத்தமான கருவி. ஆயினும் முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரர்க்கு அளித்தான் என்கிறது அகநானூறு 209. காரி ஓரியின் தெருவில் புகுந்தபோது ஊரில் எழுந்த பேரொலியை நற்றிணை 320 உவமையாக்குகிறது.

போர் அத்துடன் ஓயவில்லை. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்தில் அதிகமானையும் இருபெரு வேந்தரையும் வென்று, பின் தகடூரை அழித்ததாகப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகம் கூறுகிறது.

விளையாட்டு விதிகளில் நிலம்

நிலத்தின் தடையை எண்ணால் அளக்கும் முயற்சி ஐரோப்பியப் போர் விளையாட்டுகளில் வளர்ந்தது. பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட கிரீக்ஸ்பீல் விளையாட்டில், வரைபடத்தின்மீது நகரும் படைகளின் வேகம் நிலத்திற்கேற்ப மாறியது. 1974இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இம்மரபிலிருந்து கிளைத்தது. அதன் ஐந்தாம் பதிப்பில், புதர், சேறு, கற்குவியல் போன்ற கடின நிலத்தில் ஓரடி நகர ஈரடிக் கணக்கு செலவாகும். ஒரு முறைக்கு 30 அடி நகரும் வீரன் அங்கே 15 அடியே நகர்வான்.

இவ்விதியில் கடின நிலம் பொதுவாக இரு தரப்பையும் ஒரே அளவில் தடுக்கிறது. உண்மையான மலையிலோ, அங்கேயே வாழ்பவனுக்கு அது பழகிய வழி. வெளியாருக்கு மட்டுமே தடை. அந்த நன்மை இருந்தும் ஓரி வீழ்ந்தான். நிலம் பகைவரைத் தாமதப்படுத்தும்; வெற்றியை உறுதிசெய்யாது என்பதற்குக் கொல்லியே சான்று.

செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உள்ளது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அங்கு வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. மலையை வென்ற காரியை விட, அதை இழந்த ஓரியையே கொல்லி நினைவில் வைத்திருக்கிறது.