வழக்கை எங்கே தொடுப்பது? எல்லை கடந்த தொழிலாளர் ஒப்பந்தங்களில் அதிகார வரம்புப் பிரிவு

தொழிற்சங்கம் ஒரு நாட்டில். ஆடை வாங்கும் நிறுவனம் வேறொரு நாட்டில். இவற்றுக்கிடையே கையெழுத்தாகும் ஒப்பந்தத்தின் இறுதியில், பிணக்கு எழுந்தால் எந்த நீதிமன்றம் அல்லது நடுவர் விசாரிப்பார், எந்நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று ஒரு பத்தி இருக்கும். அதுவே அதிகார வரம்புப் பிரிவு. கூலிக்கும் பாதுகாப்புக்கும் வாதாடிக் களைத்த பின் வருவதால், நம்மில் பலர் அதை நின்று படிப்பதில்லை.

ஒப்பந்தமே இல்லாதபோது நேர்வதை முதலில் காண்போம். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கிருந்து ஆடை பெற்ற கனடாவின் லோப்லா நிறுவனத்தின் மீது பாதிக்கப்பட்டோர் 2015-இல் ஒன்டாரியோவில் வழக்குத் தொடுத்தனர். விசாரித்தது கனடிய நீதிமன்றம். ஆனால் தீங்கு நேர்ந்த இடத்தின் சட்டமே பொருந்தும் என்றது. வங்கதேசச் சட்டத்தின் ஓராண்டுக் காலவரம்பு அதற்குள் கடந்திருந்தது. சம்பவத்தின்போது சிறாராக இருந்தோருக்கு அக்காலவரம்பு தடையாகவில்லை. எனினும் நிறுவனத்துக்குக் கவனக் கடமை இல்லையென்று அவர்களது கோரிக்கையும் நிராகரிக்கப்பட்டது. 2018-இல் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

அதே பேரழிவுக்குப் பின் 2013 மே மாதம் உருவான வங்கதேசத் தீ, கட்டடப் பாதுகாப்பு உடன்பாடு வேறு வழியைத் தேர்ந்தது. பிணக்குகள் நடுவர் முன் செல்லும்; தீர்ப்பை அந்தந்த நிறுவனத்தின் சொந்த நாட்டு நீதிமன்றத்திலேயே நிறைவேற்றலாம். 2016-இல் இரு உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் இரு நிறுவனங்களுக்கு எதிராக இதைப் பயன்படுத்தின. எந்த நகரில், எந்த அமைப்பின் கீழ் விசாரணை என்பதை உடன்பாடு சொல்லவில்லை. தி ஹேக் நகரின் நிரந்தர நடுவர் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. வழக்கே ஏற்கத்தக்கதா என்ற பூர்வாங்க வாதங்கள் 2017 செப்டம்பர் வரை நீடித்தன. பின்னர் இரண்டும் சமரசமாயின. ஒன்றில் மட்டும் 23 லட்சம் டாலர் கிடைத்தது.

இந்தியாவில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. இல்லாத அதிகார வரம்பை ஒப்பந்தத்தால் ஒரு நீதிமன்றத்துக்கு உண்டாக்க முடியாது. இருப்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1971-இலேயே கூறிவிட்டது. வெளிநாட்டு நடுவர் தீர்ப்பை இங்கு நிறைவேற்றவோ, 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 44-ஆவது பிரிவின்படி அது ‘வணிக’ உறவில் எழுந்ததாக இருக்க வேண்டும். உழைப்பு வணிகமா? எதிர்த்தரப்பு முதலில் எழுப்பக்கூடிய கேள்வி இது. 2019-இல் வெளியான வணிகம், மனித உரிமை நடுவர் தீர்வுக்கான ஹேக் விதிகள், பிணக்கு வணிக உறவில் எழுந்ததாகவே கருதப்படும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. இந்த ஒரு வாக்கியத்தை நம் ஒப்பந்தங்களிலும் எழுதிக்கொள்வதில் செலவேதும் இல்லை.

திண்டுக்கல்லில் 2021 ஜனவரியில் தலித் பெண் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்ட பின், தலித் பெண்கள் தலைமையேற்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனின் போராட்டத்தால் 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தம் பிறந்தது. அதில் எச் அண்ட் எம் நிறுவனமும் பிணைக்கப்பட்டது. பாலினத் துன்புறுத்தலோடு சாதிப் பாகுபாட்டையும் அது பெயரிட்டுத் தடுக்கிறது.

ஆனால் வன்கொடுமைக் குற்றம் நடுவரிடம் செல்லாது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அது சிறப்பு நீதிமன்றத்துக்கே உரியது. ‘எல்லாப் பிணக்குகளும் நடுவருக்கே’ என்று நிர்வாகம் எழுதி நீட்டும் வரைவில், இந்தக் குற்றவியல் வழக்குகள் நீங்கலாக என்ற சொற்களைச் சேர்க்காமல் கையெழுத்திட வேண்டாம்.