எண்ணெயும் காரமும்: வீட்டுச் சவர்க்காரத்தின் வரலாறு

துணி வெளுக்கும் சவர்க்காரத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று சொன்னால், நம்மில் பலர் அதை ஒரு புதுமை என்றே நினைப்பார்கள். எண்ணெய் நம் வீடுகளில் எக்காலத்தும் இருந்து வந்திருக்கிறது. எள், தேங்காய், ஆமணக்கு, இலுப்பை, வேம்பு, புங்கு என்று அதற்கு எத்தனையோ ஊற்றுக்கள். ஆயினும் நம் முன்னோர் வீடுகளில் சவர்க்காரக் கட்டி பெரும்பாலும் இருந்ததில்லை. காரணம், எண்ணெயோடு கூட வேண்டிய மற்றொரு பொருள், அதாவது வலிய காரம், எளிதில் கிடைக்கவில்லை. சவர்க்காரத்தின் வரலாறு உண்மையில் காரத்தின் வரலாறே ஆகும்.

இதனைச் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. இன்று தமிழ்நாட்டில் நாம் 'சோப்பு' என்கிறோம். இலங்கைத் தமிழரோ இன்றும் 'சவர்க்காரம்' என்றே வழங்குகின்றனர். நம் முதியோர் வாயில் அது 'சவுக்காரம்' என்று திரிந்து நிற்கிறது. அச்சொல்லின் இறுதியில் நிற்பது காரம். ஐரோப்பிய மொழிகளில் காரத்தைக் குறிக்கும் 'ஆல்கலி' என்பது அரபு மொழியிலிருந்து சென்ற சொல். உவர்நிலச் செடிகளை எரித்து எடுத்த சாம்பலுக்கே அங்கு அப்பெயர். கீழ்நாட்டிலும் மேல்நாட்டிலும் மனிதன் முதலில் காரத்தைக் கண்டது சாம்பலிலும் உவர்மண்ணிலுமே என்பது இதனால் விளங்கும்.

களர்நிலத்தில் தோண்டிய கிணற்றில் நாள்தோறும் ஆடை வெளுக்கும் ஒரு பெண்ணைப் புறநானூற்றுப் பாடல் ஒன்று நமக்குக் காட்டுகிறது. நல்ல நீரை விட்டுக் களர்நிலக் கிணற்றை நாடியது ஏன்? அந்நிலத்தில் பூத்துக் கிடக்கும் உவரில் சோடா உப்பு கலந்திருக்கும். அது துணியிலுள்ள எண்ணெய்ப் பசையை இளக்கும். நீரின் கடினத்தையும் குறைக்கும். பிற்காலத்தில் வண்ணார் உவர்மண்ணைக் கரைத்துத் துணியை அதில் தோய்த்து, பெரிய பானையின் ஆவியில் இரவெல்லாம் வேகவைத்து, விடிந்ததும் துறையில் அடித்துத் துவைத்தனர். இதுவே வெள்ளாவி. பட்டுக்கும் கம்பளிக்கும் பூந்திக்கொட்டையின் நுரை பயன்பட்டது. வீடுகளில் அடுப்புச் சாம்பலே போதும் என்றிருந்தனர்.

ஆனால் இவற்றுள் எதுவும் சவர்க்காரம் ஆகாது. உவரில் உள்ள சோடா மென்மையான காரம். அப்பளக்காரமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நல்ல எண்ணெயில் இதைக் கலந்து எவ்வளவு கிளறினாலும் அது கட்டியாக மாறாது. இச்சோடாக் கரைசலோடு சுண்ணாம்பைச் சேர்த்துக் காய்ச்சினால், சுண்ணாம்புக்கல் தூள் அடியில் படியும். மேலே தெளிந்து நிற்கும் நீர், தோலையே அரிக்கும் வலிய காரமாக மாறியிருக்கும். இதுவே காஸ்டிக் சோடா. எண்ணெயைச் சவர்க்காரமாக மாற்ற வல்லது இது. இந்நுட்பத்தை அறிந்தவர் இருந்தனர். ஆயின் அது சிலர் கைத்தொழிலாக நின்றதேயன்றி வீடுதோறும் பரவவில்லை. காரத்தின் வலிமை ஒவ்வொரு முறையும் மாறியதால், அளவு கூறிக் கற்பிக்கவும் இயலவில்லை.

இக்கதையைக் கோலார் தங்கவயலில், நந்திதுர்க் சுரங்கத்தை ஒட்டிய பகுதியில் நின்று பார்த்தால் அதன் பல இழைகள் ஒருங்கே தெரியும். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இப்பகுதியில் தங்கச் சுரங்கப் பணியைக் கைக்கொண்டனர். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க், பாலகாட் என்ற சுரங்கங்கள் தெற்கு வடக்காக வரிசையாய் அமைந்தன. நந்திதுர்க் என்னும் பெயர் நந்தி மலைக்குரியது. பாலாறு அம்மலைப் பகுதியில் தோன்றி, பேத்தமங்கலத்தில் ஏரியாகத் தேங்கி, தங்கவயலுக்குக் குடிநீர் வழங்கியது. பின் வட ஆர்க்காட்டுக்குள் இறங்கிச் செல்கிறது. அந்த வட ஆர்க்காட்டிலிருந்துதான் சுரங்கத் தொழிலாளர் பெருந்தொகையினர் இவ்வூருக்கு வந்தனர். ஒரே ஆறு இவர்களுடைய பிறந்த ஊரையும் பிழைக்க வந்த ஊரையும் இணைத்தது எனலாம்.

பூமிக்கடியில் வெப்பத்திலும் ஈரத்திலும் உழைத்து மேலே வருபவனுடைய உடையில் வியர்வையும் பாறைத்தூளும் எந்திர எண்ணெயும் சேர்ந்திருக்கும். வரிசை வரிசையாக அமைந்த சிறு வீடுகளில், அளந்து கிடைக்கும் நீரைக்கொண்டு அதை வெளுக்க வேண்டியவர் வீட்டுப் பெண்கள். காற்று மாதங்களில் சயனைடு மேட்டுத் தூள் பறந்து வந்து, காயப்போட்ட துணியின்மேல் படியும். இத்தகைய ஊரில் சவர்க்காரம் அழகுப் பொருளன்று, அன்றாடத் தேவை.

சுரங்கத்திற்கும் சவர்க்காரத்திற்கும் வேறோர் உறவும் உண்டு. எண்ணெயும் காரமும் சேர்ந்து சவர்க்காரம் ஆகும்போது கிளிசரின் என்னும் இனிய பாகு பிரிகிறது. அதிலிருந்து நைட்ரோகிளிசரின் செய்யலாம் என்று இத்தாலியரான சொப்ரேரோ 1847-இல் கண்டார். அதை அடக்கி ஆளும் வகையில் ஆல்ஃபிரட் நோபெல் 1867-இல் டைனமைட்டைச் செய்தார். சவர்க்காரக் கொப்பரையின் துணைவிளைவே உலகெங்கும் தங்கப் பாறையைப் பிளந்தது. பாறையிலிருந்து தங்கத்தைக் கரைத்தெடுக்கும் சயனைடு முறையிலும் காரத்திற்கு வேலை உண்டு. கரைசலில் சுண்ணாம்பு சேர்த்துக் காரமாக வைத்திராவிடில் நச்சுக்காற்று எழும்.

இனி, வலிய காரம் எவ்வாறு மலிவாயிற்று என்பதைக் காண்போம். ஐரோப்பாவிலும் நெடுங்காலம் சாம்பலே கதி. 1791-இல் பிரான்சு நாட்டு நிக்கோலா லெப்ளாங்க் சாதாரண உப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். அதே நாட்டுச் செவ்ரேல் கொழுப்பின் இயல்பை ஆராய்ந்து 1823-இல் நூலாக வெளியிட்டார். சவர்க்காரம் ஏன் உண்டாகிறது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. 1861-இல் பெல்ஜியத்தின் சோல்வே இன்னும் மலிவான வழியைக் கண்டார். இங்கிலாந்தில் 1712 முதல் சவர்க்காரத்தின்மேல் விதிக்கப்பட்டிருந்த வரியும் 1853-இல் நீங்கியது. அதன்பின் பெரிய ஆலைகள் எழுந்தன. 1888-இல் லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கின. நம் நாட்டு எண்ணெய் வித்துக்கள் கப்பலேறிச் செல்ல, சவர்க்காரம் கப்பலேறி வந்தது.

முதல் உலகப்போர்க் காலத்தில் நம் நாட்டிலேயே இத்தொழில் வேரூன்றத் தொடங்கியது. சென்னை மாகாண மீன்துறையை நடத்திய சர் பிரடரிக் நிக்கல்சன், மலபார்க் கரையில் வீணாகும் மீன் எண்ணெயிலிருந்து சவர்க்காரம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். 1914-இல் தோன்றிய அம்முயற்சியே பின்னர்க் கோழிக்கோட்டில் கேரள சோப் இன்ஸ்டிட்யூட் என்று வளர்ந்தது. மைசூர் அரசிலோ, போரினால் சந்தனக்கட்டையை ஐரோப்பாவுக்கு அனுப்ப இயலாமற் போயிற்று. எனவே நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், விசுவேசுவரய்யா திவானாக இருந்தபோது, 1916-இல் பெங்களூரில் சந்தன எண்ணெய் ஆலை ஏற்பட்டது. சோசலே கரளபுரி சாஸ்திரி சவர்க்காரத் தொழிலை இங்கிலாந்தில் பயின்று வந்தார். 1918-இல் மைசூர்ச் சந்தன சோப்பு வெளிவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பம்பாயில் ஆர்தேஷிர் கோத்ரெஜ் விலங்குக் கொழுப்புச் சேராத, முற்றும் தாவர எண்ணெயால் ஆன சவர்க்காரத்தைச் செய்தார். கொழுப்பை அஞ்சிச் சோப்பைத் தொடாதிருந்த வீடுகளும் அதன்பின் அதை ஏற்றன.

ஆலைகள் பெருகியபோது வீட்டையும் கிராமத்தையும் எண்ணிப் பார்த்தவரும் உண்டு. தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934-இல் வார்தாவில் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தின் செயலாளராகி, உணவுக்கு உதவாத வேம்பு, புங்கு, இலுப்பை முதலிய எண்ணெய்களின் பயனை வற்புறுத்தினார். விடுதலைக்குப் பின் 1953-இல் அமைந்த கதர் கிராமத் தொழில் வாரியமும் இத்தகைய எண்ணெய்களால் சவர்க்காரம் செய்வதை ஊக்கியது. மறுபுறம், காவிரி மின்சாரம் காரத்தையே நம் நாட்டில் விளைவித்தது. சிவசமுத்திரத்தில் பிறந்த அம்மின்சாரம் 1902-இல் தங்கவயலை எட்டியது. அதே ஆற்றில் மேட்டூர் அணை 1934-இல் முடிந்தபின், உப்புநீரில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடா செய்யும் ஆலை அங்கே எழுந்தது. இவ்வாறு அளவு மாறாத தூய காரம் கடைச்சரக்கு ஆனபோதுதான், வீட்டில் சவர்க்காரம் செய்வது கற்பிக்கத்தக்க கலையாயிற்று.

அக்கலையின் உயிர்நிலை எடை. ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுவதும் மாறுவதற்கு ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கடலையெண்ணெய்க்கு ஏறத்தாழ 136 கிராம். இவ்வளவில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்துச் சேர்ப்பது நலம். அப்போது சிறிது எண்ணெய் மாறாமல் எஞ்சி, காரம் கையை அரிக்காமல் காக்கும். காரத்தின் எடையைப்போல் இரண்டரை மடங்கு நீர் எடுத்து, அதில் காரத்தைச் சிறிது சிறிதாக இடவேண்டும். காரத்தின்மேல் நீரை ஊற்றலாகாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் தின்றுவிடும். எவர்சில்வர்ப் பாத்திரமே தக்கது. கைக்கு உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். காற்றோட்டமான இடத்தில், குழந்தைகளை விலக்கி வைத்துச் செய்ய வேண்டும். கரைசல் ஆறியபின் அதை எண்ணெயில் ஊற்றிக் கிளறினால், கலவை தயிர்போல் இறுகும். அச்சில் வார்த்து, மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள் துண்டு செய்து, நான்கு வாரம் நிழலில் உலர்த்திய பின்னரே பயன்படுத்த வேண்டும். கார நீர் உடலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு நெடுநேரம் கழுவுவதே முதல் சிகிச்சை. கண்ணில் பட்டால் கழுவியபின் மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கலாகாது.

ஆலைகளில் உப்பிட்டுக் கிளிசரினைப் பிரித்து விடுவர். வீட்டுச் சவர்க்காரத்தில் அது உள்ளேயே தங்குகிறது. ஆதலால் கைக்கு இதமாக இருக்கும். அதற்கு ஒரு குறையும் உண்டு. சுண்ணாம்பு மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைக்காது. திரிதிரியாகக் கசடு படியும். தங்கவயலைச் சூழ்ந்த கோலார் மாவட்டத்தில் பலர் அறிந்த தொல்லை இது. துவைக்கும் நீரில் முன்னதாகச் சிறிது சலவைச் சோடாவைக் கரைத்தால் இக்குறை பெரிதும் நீங்கும். களர்க்கிணற்று நீர் செய்த வேலையும் இதுதான்.

கடின நீரிலும் நுரைக்கும் செயற்கைச் சலவைத்தூள் 1959-இல் சர்ஃப் என்ற பெயரில் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தது. அகமதாபாத்தில் ரசாயன ஆய்வுக்கூட ஊழியராக இருந்த கர்சன்பாய் படேல் 1969-இல் தம் வீட்டிலேயே சலவைத்தூளைக் கலந்து, சைக்கிளில் எடுத்துச் சென்று மலிவாக விற்றார். நிர்மா என்னும் பெருந்தொழில் அவ்வாறு பிறந்தது. அளவறிந்த ஒருவர் வீட்டின் புறக்கடையிலும் பெரிய காரியம் தொடங்க முடியும் என்பதற்கு இது சான்று. எனினும் அத்தகைய வெற்றி எல்லார்க்கும் வாய்க்கும் என்று நம்பி முதல் போடுவது அறிவுடைமை ஆகாது.

தங்கவயலுக்கு இந்த எச்சரிக்கை மிகவும் பொருந்தும். 1956-இல் மைசூர் அரசின் கைக்கும், 1962-இல் மத்திய அரசின் கைக்கும் மாறிய சுரங்கங்கள், பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனத்தின் கீழ் நடந்து, 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. அதன்பின் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து இரவில் திரும்புகின்றனர். அக்குடும்பங்களுக்குச் சவர்க்காரத் தொழில் செல்வம் தரும் என்று நான் சொல்லமாட்டேன். புதிய எண்ணெயை விலைக்கு வாங்கிச் செய்தால் கடைச் சோப்பைவிடச் செலவு மிகுதியாகவும் கூடும். ஆனால் பலகாரம் பொரித்து மிஞ்சிய எண்ணெய் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் உண்டு. அதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி உண்பது உடலுக்குத் தீங்கு. சாக்கடையில் ஊற்றுவது ஊருக்குத் தீங்கு. வடிகட்டி, நிறுத்து, உரிய அளவு காரம் சேர்த்தால் அது துணி வெளுக்கும் கட்டியாக மாறும். மாதச் செலவில் ஒரு சிறு பகுதி மிச்சமாகும்.

களர்க்கிணற்றில் துணி வெளுத்தவள் காரத்தின் பயனை அறிந்திருந்தாள். அதன் அளவை அறிய அவளுக்கு வழியில்லை. நமக்கோ நூற்றாண்டுகளின் உழைப்பால் அந்த அளவு கிடைத்திருக்கிறது. ஆகவே, வீட்டில் சவர்க்காரம் செய்ய விரும்புவோர் எண்ணெயையும் காரத்தையும் வாங்குமுன் ஒரு நல்ல தராசை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.