குறுந்தவணைக் கடனும் நெடுந்துயரும்

ஆபத்து வேளையிற் கடன்படுதல் எந்நாட்டிலும் உள்ளதே. ஆயின், ஒரு மாதத் தவணைக்கு வாங்கிய சிறுகடன் ஒரு குடும்பத்தைப் பல்லாண்டு வாட்டுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு எமது நாட்டு வரலாறே விடை பகர்கின்றது.

அறவிடும் வட்டி முதலுக்கு மேற்படலாகாது என 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. நல்ல வேலிதான், ஆயினும் அவ்வேலியில் ஒரு பொட்டு இருந்தது. 100 ரூபாவுக்கு நோட்டு எழுதி, 10 ரூபாவை முன்வட்டியாகக் கழித்து, 90 ரூபாவைக் கையிற் கொடுப்பர். மாத முடிவில் முதலைக் கட்ட இயலாதவன் மேலும் 10 ரூபா கொடுத்துத் தவணையை நீட்டுவான். இவ்வாறு பத்து மாதத்தில் 100 ரூபா வட்டியாகவே போய்விடும். முதலோ குறையாது நிற்கும். வட்டியும் கட்டாதவிடத்து, அதனை முதலோடு கூட்டிப் புதுநோட்டு எழுதுவர். நேற்றைய வட்டி இன்றைய முதலாகிவிடும்.

கொழும்பில் மாதச் சம்பளக்காரர் பலர் ஆப்கானிய வட்டிக்காரரிடம் இத்தகைய கடன்பட்டு வருந்தினர். 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம், உண்மையிற் கொடுத்த தொகை, முன்னே கழித்த வட்டி, ஆண்டு வட்டி வீதம் ஆகிய மூன்றையும் நோட்டில் வேறுவேறாக எழுதவேண்டுமென்றது. மிதமிஞ்சிய வட்டியை ஆராய நீதிமன்றுக்கும் அதிகாரமளித்தது. ஆனால், நாளையும் அவரிடமே கைநீட்ட வேண்டியவன் நீதிமன்றப் படியேறுவானா?

இக்குறையைத் தீர்க்க வந்தவையே ஐக்கிய நாணய சங்கங்கள். 1911இல் அவற்றுக்கெனச் சட்டம் பிறந்தது. 1929இல் யாழ்ப்பாணத்திலே கூட்டுறவு மாகாண வங்கி தோன்றியது. ஒருவர் நிலையை ஒருவர் அறிந்த அயலவர் கூடி, புகையிலையும் வெங்காயமும் விலைப்படுங் காலம் பார்த்துத் தவணை வைக்க இவை வழிசெய்தன.

2009இல் போர் முடிந்தபின், நுண்கடன் என்னும் பெயரோடு பழைய துன்பமே வடக்கிலும் கிழக்கிலும் தலைதூக்கியது. வாரந்தோறும் படலையடியில் அறவீடு; ஒரு கடனைக் கட்ட மறுகடன். 2018இல், வரட்சியால் வாடிய மாவட்டங்களிற் பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை நீக்க அரசு முன்வந்தது.

வருவாய் வருமுன் தவணை வருமாயின், குறைந்த வட்டியும் கழுத்தை நெரிக்கும். ஆதலின், இளைஞர்காள், உங்கள் ஊரில் எவரேனும் நோட்டிற் கையொப்பமிடுமுன் அம்மூன்று கணக்கையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பெரியோர்களே, உறங்கும் சங்கங்களைத் தட்டியெழுப்புங்கள். அயலவன் கைகொடாத ஊரிலேதான் வட்டிக்காரன் வாசலுக்கு வருகிறான்.