தொடரமைப்பும் ‘இயல்பும்’: மன்னார்க் கரையிலிருந்து ஒரு நோக்கு

தொடரமைப்புப் பற்றிய விவாதங்களில் ‘இயல்பானது’ என்னும் சொல் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. எவருக்கு இயல்பானது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. சார்புமுறைச் செய்நிரல் மொழிகளின் வரலாற்றை இவ்வினாவுடன் நோக்குவது பயனுடைத்து. ஒரு சார்பின் விளைவை இன்னொன்றின் உள்ளீடாக்கிக் கணிப்பை நிகழ்த்தும் கணினி மொழிகளையே நாம் இங்குக் கருதுகின்றோம்.

1960 ஆம் ஆண்டு ஜோன் மக்கார்த்தி லிஸ்ப் மொழியை விவரித்தபோது இரு எழுத்துமுறைகளைக் கையாண்டார். கணிதக் குறியீட்டை ஒத்த எம்-கோவைகள் செய்நிரலுக்கென்றும், அடைப்புக்குறிகள் மலிந்த எஸ்-கோவைகள் தரவுக்கென்றும் கருதப்பட்டன. நடைமுறையில் நிலைத்தவை பின்னையவையே. செய்நிரலும் தரவும் ஒரே வடிவம் பெற்றமையால், செய்நிரலைச் செய்நிரலே ஆக்கவும் மாற்றவும் முடிந்தது. மாறாக, 1966 இல் பீற்றர் லாண்டின் மொழியின் புறவடிவத்தையும் அகக்கட்டமைப்பையும் வேறுபடுத்திக் காட்டி, வரியின் உள்தள்ளலே தொடரின் எல்லையை உணர்த்தலாம் என்றார். 1990 இல் வரையறுக்கப்பெற்ற ஹாஸ்கல் இம்மரபினது. ஒரு சாரார் வடிவ ஒருமையையும் மறு சாரார் வாசிப்பு எளிமையையும் போற்றினர். எனினும், செயலை முன்னும் செயப்படுபொருளைப் பின்னும் வைப்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டனர்.

பேசாலையின் வாடியொன்றில் நிகழும் உழைப்பைத் தமிழில் கூறுவோம்: மீனைப் பிளந்து, கழுவி, உப்பிட்டு, உலர்த்தினர். வினையெச்சங்கள் உழைப்பின் வரிசையிலேயே அமைகின்றன. சார்புக் குறியீட்டிலோ இது உலர்த்து(உப்பிடு(கழுவு(பிள(மீன்)))) என்றாகும். இறுதித் தொழில் முதலில் நிற்கும். எஃப் ஷார்ப் முதலிய மொழிகள் பயன்படுத்தும் ‘குழாய்க்குறி’ தரவை முன்வைத்துத் தொழில்களை வரிசையாகத் தொடுக்கின்றது. இதனைத் தமிழின் தனிப்பெருமைக்குச் சான்றாக்குதல் தகாது. சிங்களமும் ஜப்பானிய மொழியும் வினையை இறுதியிலேயே கொள்வன.

இக்கரைக்கு இப்பிரச்சினை புதியதன்று. 1560 இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றியதன் பின்னர் இங்குப் பணியாற்றிய என்றீக்கே என்றீக்கஸ் அடிகளார், 1549 அளவிலேயே தமிழ் இலக்கணமொன்றைப் போர்த்துக்கேய மொழியில் எழுதியிருந்தார். அதன் சட்டகம் இலத்தீன் இலக்கண மரபுக்குரியது. ஐரோப்பியப் பாதிரிமார் தமிழ் கற்கவேண்டும் என்ற தேவையே அந்நூலைத் தோற்றுவித்தது. எளிமை அவர்கள் பயிற்சியால் நிர்ணயிக்கப்பட்டது.

இன்றைய முயற்சிகளும் இதற்கு விலக்கல்ல. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் சார்புமுறை மொழியன்று. ஆயினும் எமது வினாவுக்கு உகந்த சான்றாகும. அதில் நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ என்னும் சொல் பின்னும் வருகின்றன. ‘பதிப்பி’ என்னும் ஏவலோ பதிப்பிக்கப்படும் பொருளுக்கு முன்னரே நிற்கின்றது. ஒரே மொழிக்குள் இரு மரபுகள் முரண்பட்டு நிற்பதை இங்குக் காண்கின்றோம்.

எனவே, சொற்களை மட்டும் தமிழாக்குதல் போதாது. தொடரொழுங்கு எவருடைய பழக்கத்திலிருந்து வந்தது என்பதையும் கேட்கவேண்டும். பிறர் பழக்கமே இயல்பெனக் கற்பிக்கப்படும்போது, மன்னார்க் கடற்றொழிலாளியின் பிள்ளை தன் தடுமாற்றத்தைத் தன் அறிவின் குறையாகவே கொள்ளும். வரலாற்றுணர்வு அப்பிள்ளைக்கு அளிக்கவேண்டிய முதல் விடுதலை இம்மயக்கத்திலிருந்தே தொடங்குகின்றது.