காதில் ஐந்து ஊசி

ராப் பாடகர் டூபாக் ஷகூரின் வளர்ப்புத் தந்தை ஓர் அக்குபங்சர் சிகிச்சையாளர் என்று படித்தபோது எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. முட்டுலு ஷகூர் கறுப்பின விடுதலை அரசியலில் இருந்தவர். 1981 பிரிங்க்ஸ் கொள்ளை வழக்கில் தண்டனை பெற்று, பல பத்தாண்டுகள் சிறையில் கழித்து, 2022 கடைசியில் வெளியே வந்து, அடுத்த வருடமே இறந்துபோனார். இப்படிப்பட்டவர் கைக்கு ஊசி எப்படி வந்தது என்று தேடப்போய்த்தான் காது அக்குபங்சரின் வரலாற்றுக்குள் விழுந்தேன்.

அந்த வரலாறு சீனாவில் தொடங்கும் என்றுதான் யாரும் நினைப்போம். ஊசி வைத்தியம் சீனாவில் மிகப் பழையதுதான். ஆனால் இன்று கிளினிக் சுவர்களில் தொங்குகிற காது வரைபடம், அதாவது தலைகீழாகப் படுத்திருக்கும் கருக்குழந்தை போலக் காதைப் பார்க்கும் படம், பிரான்ஸில் பிறந்தது. லியோன் நகர மருத்துவர் பால் நோஜியே 1950களின் தொடக்கத்தில் ஒன்றைக் கவனித்தார். இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் நரம்புவலிக்காரர்கள் சிலருக்குக் காதில் ஒரே இடத்தில் சூட்டுத் தழும்பு இருந்தது. விசாரித்தால், நாட்டு வைத்தியம் செய்கிறவர் சூடு போட்டார், வலி போய்விட்டது என்றார்கள். அங்கிருந்து அவர் காது முழுவதையும் உடம்பின் வரைபடமாக வரைந்துகொண்டே போனார். 1956ல் மார்செய் மாநாட்டில் அதைச் சொன்னார், அடுத்த ஆண்டு ஒரு ஜெர்மன் இதழில் வந்தது, 1958ல் சீனாவை எட்டியது. பாரம்பரிய மருத்துவத்தை அரசே தூக்கிப்பிடித்த காலம் அது. பிரான்ஸில் பிறந்த பிள்ளை சீனாவுக்குத் தத்துப்போய், சீனப் பெயரோடு உலகத்துக்குத் திரும்பி வந்தது.

இப்போது நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸ். அங்கிருந்த லிங்கன் மருத்துவமனைக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் கசாப்புக் கடை. தெருவெல்லாம் ஹெராயின். 1970 ஜூலையில் யங் லார்ட்ஸ் என்ற புவெர்ட்டோ ரீக்க இளைஞர் அமைப்பு மருத்துவமனையின் ஒரு கட்டடத்தையே கைப்பற்றியது. நவம்பரில் மற்ற இயக்கத்தாரோடு சேர்ந்து மறுபடியும் உள்ளே புகுந்து, போதை மீட்பு மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். மருந்தோடு அரசியல் வகுப்பும் நடந்தது. ஹெராயின் ஏன் நம் தெருவில் மட்டும் இப்படிக் கொட்டுகிறது என்பதுதான் பாடம்.

மெத்தடோன் அவர்களுக்கு உறுத்தியது. ஒரு சங்கிலிக்குப் பதில் அரசு போடும் இன்னொரு சங்கிலி என்றார்கள். (மெத்தடோன் உயிர்களைக் காப்பாற்றுகிறது என்பதற்கு இன்று வலுவான ஆதாரம் உண்டு. அவர்கள் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது, ஆனால் அது முழு உண்மையில்லை.) நிக்ஸனின் சீனப் பயணத்தை ஒட்டி அமெரிக்கப் பத்திரிகைகளில் அக்குபங்சர் அடிபட்ட சமயம் அது. 1973ல் ஹாங்காங்கின் நரம்பியல் அறுவை மருத்துவர் எச். எல். வென், காதில் ஊசி வைத்து மின்சாரம் கொடுத்ததில் 40 போதை அடிமைகளுக்கு விடுபடும்போது வரும் தவிப்பு குறைந்ததாக எழுதினார். லிங்கன்காரர்கள் ஊசியைக் கையில் எடுத்தார்கள். முட்டுலு கற்றுக்கொண்டது இங்கேதான்.

மனநல மருத்துவர் மைக்கேல் ஸ்மித் சேர்ந்த பிறகு முறை எளிமையானது. மின்சாரம் இல்லை, இரண்டு காதிலும் ஐந்தைந்து புள்ளி, அவ்வளவுதான். எல்லோரும் நாற்காலி போட்டு ஒரே அறையில் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். தன் கதையைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. முன்பு போதையில் கிடந்த ஆளே கற்றுக்கொண்டு அடுத்தவருக்கு ஊசி வைக்கலாம்.

1978ல் மேயர் எட்வர்ட் கோச் காலத்தில் போலீஸ் வந்தது. அரசியல்காரர்களை வெளியேற்றினார்கள், வகுப்புகள் போயின. ஊசி ஸ்மித்தோடு தங்கியது. 1985ல் அதைப் பரப்ப நாடா என்ற அமைப்பு உருவானது. 1989ல் மயாமியில் அமெரிக்காவின் முதல் போதை நீதிமன்றம் தொடங்கியபோது சிகிச்சைத் திட்டத்தில் அக்குபங்சரும் இருந்தது. அரசை எதிர்த்துக் கையில் எடுத்த ஊசி, இருபது வருடத்துக்குள் கோர்ட் ஏற்பாடாகிவிட்டது!

பிறகு ஆய்வுகள் வந்தன. 2000ல் யேல் ஆய்வாளர்கள் 82 பேரிடம் சோதித்தார்கள். கடைசி வாரத்தில் கோகெய்ன் இல்லாமல் இருந்தவர்கள் காது ஊசிக் குழுவில் 53.8 சதவீதம், வேறு இடத்தில் ஊசி குத்திய குழுவில் 23.5, வெறும் ரிலாக்ஸேஷன் வீடியோ பார்த்த குழுவில் 9.1. அசத்தல்! ஆனால் 2002ல் அதே முறையை ஆறு இடங்களில் 620 பேரிடம் பார்த்தபோது மூன்று குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் எனக்கு இது பழகிப்போன சோகம். நூறு யூசரிடம் ஜொலிக்கிற மாற்றம் ஆயிரம் பேரிடம் போனதும் காணாமல் போகும்.

நான் 620 பேர் பக்கம்தான் நிற்கிறேன். காது ஊசி போதையைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால், அதை நம்பி மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்பேன். ஆனாலும் அந்த ஆய்வில் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. மூன்று குழுவிலுமே கோகெய்ன் பழக்கம் ஓரளவு குறைந்திருக்கிறது. ஆலோசனையாலா, வாரத்தில் பல நாள் ஓரிடத்துக்கு வந்து போனதாலா, காலம் கடந்ததாலா? அந்த ஆய்வு அதைப் பிரித்துச் சொல்லாது. அது அளந்தது ஊசியை.

லிங்கனில் 1978க்கு முன் இருந்தது ஊசி மட்டுமில்லை. தன் தெருக்காரர்களே நடத்திய இடம், உன் போதைக்கு நீ மட்டும் காரணமில்லை என்று சொன்ன வகுப்பு, கேள்வி கேட்காத நாற்காலி வட்டம். எது வேலை செய்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எதைத் தூக்கி எறிந்தார்கள் என்பது மட்டும் தெரியும். மிச்சம் வைத்த ஊசியைத்தான் பிறகு பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.