அருணைக் குகையிற் கிறித்துவத் துறவி

மலையே சிவலிங்கமாக நின்றருளும் திருவண்ணாமலையின் குகைகளிற் சிவனடியார் பலர் தவம்புரிந்த செய்தி யாவரும் அறிந்ததே. கத்தோலிக்கக் குருவொருவரும் 1952 முதலாக அக்குகைகளிற் பன்முறை மௌனத்தில் அமர்ந்திருந்தார் என்பதை நம்மவருள் அறிந்தார் சிலரே.

அவர் ஆன்றி லெ சோ என்பார். 1910-இல் பிரஞ்சு தேசத்தின் மேற்கிலுள்ள பிரிட்டனியிற் பிறந்து, 1929-இல் புனித பெனடிக்டரின் துறவியர் மடத்திற் புகுந்து, 1948-இல் இந்தியா போந்தார். அவர்க்கு முன்பே, 1939-இல், திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்திற்கு வந்திருந்த ழூல் மொன்ஷனென் என்னும் பிரஞ்சுக் குருவும் அவரும் 1950-இல் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியிற் காவிரிக் கரையில் ஓர் ஆச்சிரமம் நிறுவினர். கடம்பந்துறை, வாட்போக்கி, ஈங்கோய்மலை என்னும் பாடல்பெற்ற தலங்கள் சூழ்ந்த இடம் அது. இருவரும் காவியுடுத்தனர். ஆச்சிரமத்திற்குச் சச்சிதானந்தம் என்று பெயரிட்டனர். சத்துப் பிதாவையும், சித்துச் சுதனையும், ஆனந்தம் பரிசுத்த ஆவியையும் குறிக்குமென்பது அவர் கருத்து. லெ சோ பூண்ட பெயர் அபிஷிக்தானந்தர். கிறிஸ்து என்னும் யவனச் சொற்கும் 'அபிடேகம் பெற்றவர்' என்பதே பொருளாதலின், அப்பெயர் இருசமயத்தார் செவிக்கும் இனிதாயிற்று.

பெயர்ப் பொருத்தம் எளிது; அனுபவமோ அவரை அலைத்தது. 1949-இல் இரமண மகரிஷிகளைத் தரிசித்த பின்னர் அருணாசலம் அவரை விடவில்லை. திருக்கோவலூரை அடுத்த தபோவனத்து ஞானானந்தரையும் 1955-இல் அடைந்து குருவாகக் கொண்டார். 'நான்' என்பது அற்றவிடத்துத் தேவனை நோக்கி வேண்டுவார் யார்? வேண்டுவாரின்றேல் கிறிஸ்துவின் திருப்பலி யாது? இவ்வினாக்கள் அவர் நாட்குறிப்பிற் பல்லாண்டு மீள மீள எழுகின்றன. மொன்ஷனெனோ, ஏகான்மவாதத்தோடு கிறித்துவம் இயைதல் அரிதென்று ஐயுற்றார். நண்பர் இருவர்க்கும் இடையே இவ்வேற்றுமை வளர்ந்தது. 1957-இல் மொன்ஷனென் பாரிசில் மறைந்தார்.

இவ்விடத்து மெய்கண்டார் நெறி நிற்போர் ஒன்று கருதற்பாலர். லெ சோவின் இடர், அத்துவிதம் என்பதற்கு ஒருமை என்றே பொருள்கொண்டதால் விளைந்ததாகும். இறையும் உயிரும் பொருளால் வேறாயினும் கலப்பால் ஒன்றாய் நிற்கும் என்னும் சுத்தாத்துவிதத்தில் அன்பு செய்வானும் அன்பு செய்யப்படுவானும் முத்தியிலும் அழிவதில்லை. அவர் கைவிட மாட்டாது தவித்த வழிபாட்டிற்கு அங்கே இடமுண்டு. அந்நெறி வழங்கும் தமிழ்நாட்டிலேயே பல்லாண்டு வாழ்ந்தும், அவர் தம் விடையை உபநிடதங்களிலேயே தேடினார். ஆயினும் இதுகொண்டு அவரைக் குறைகூறல் தகாது. சமரசம் என்ற சொல்லை மேற்பூச்சாகப் பூசிக்கொண்டு இருசமயத்தையும் நீர்த்துப்போகச் செய்வார் உளர். அவர் அங்ஙனம் செய்திலர். இரண்டையும் முழுதுமே ஏற்று, அவற்றின் முரணைத் தம் நெஞ்சிலே தாங்கினார்.

1968-இல் ஆச்சிரமத்தைப் பீட் கிரிபித்ஸ் என்னும் ஆங்கிலத் துறவியிடம் விடுத்து, உத்தரகாசியை அடுத்த கங்கைக் கரைக் குடிலிற் சென்று தங்கினார். 1973 ஜூலையில் இருஷிகேசத்துத் தெருவில் மாரடைப்பால் வீழ்ந்தார். அந்நிலையிற் பெற்றதைப் பேரொளியாகவே குறித்துவைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 7-ஆம் நாள் இந்தூரிற் காலமானார். கத்தோலிக்கக் குருத்துவத்தை இறுதிவரை துறந்திலர். இந்தியா போந்த பின் தாய்நாடு மீண்டதுமில்லை. அவர் நாட்குறிப்பு 1986-இற் பிரஞ்சு மொழியில் அச்சேறியது.